இளநிலை ஆய்வேட்டுக்கு முதன்முறையாக நெறியாளராகும் ஆசிரியருக்கு

சென்னைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கு, பாடம் நடத்தும் பழக்கம் முழுமையாகக் கைவருவதற்கு முன்பே, இறுதியாண்டு மாணவர் சிலரின் பெயர்கள் அடங்கிய பட்டியல் ஒன்று வந்து சேரும். இவர்களுக்கு நீங்கள்தான் கைடு என்று துறைத் தலைவர் சொல்லிவிடுவார். பாடம் நடத்துவதற்குப் புத்தொளிப் பயிற்சிகள் இருக்கின்றன. நெறியாளராக இருப்பதைச் சொல்லித் தருவோர் அரிது. ஆகவே பலரும் தம் முனைவர் பட்ட நெறியாளர் தம்மை நடத்திய விதத்தையே இளநிலை மாணவரிடமும் பின்பற்றத் தொடங்குகிறார்கள். அது பொருந்துவதில்லை. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு ஆண்டுகள் இருக்கின்றன. இளநிலை மாணவருக்குச் சில மாதங்களே இருக்கின்றன. அந்த மாதங்களிலும் மற்ற தாள்கள், அகமதிப்பீட்டுத் தேர்வுகள், வளாக நேர்காணல்கள், வீட்டுப் பொறுப்புகள் எல்லாம் அவரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இந்த நிலையில் நெறியாளரின் தலையாய வேலை, மாணவரின் ஆர்வம் வாடிவிடாதபடி அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. அவரே நேரில் சென்று பார்த்து, அவரே சான்று திரட்டி, அவரே எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு அந்தக் கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் யாவும் இந்த ஒரு வேலையையே சுற்றி அமைந்தவை.

முதலில் விதிகளைப் படியுங்கள்

மாணவரைச் சந்திப்பதற்கு முன், உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத்தில் ஆய்வேட்டைப் பற்றி எழுதியிருப்பதை ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, நான்காண்டுப் படிப்பில் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுடைய ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அங்கே ஆய்வு என்பது இறுதிப் பருவத்தில் வரும் ஒரு புராஜெக்ட் தாள். பொறியியல் கல்லூரிகளில் அது குழுவாகச் செய்யும் பணி. ஓராண்டு ஆய்வையும் ஒரு பருவ ஆய்வையும் ஒரே அளவுகோலால் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பக்க வரம்பு, எழுதும் மொழி, மேற்கோள் முறை, அகமதிப்பெண்ணுக்கும் புறத்தேர்வாளரின் மதிப்பெண்ணுக்கும் உள்ள பங்கு, ஒப்புமைச் சோதனையின் (பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி எவ்வளவு என்று மென்பொருளால் அளப்பதன்) வரம்பு, சமர்ப்பிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மாணவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். முந்தைய ஆண்டுகளில் நல்ல மதிப்பெண் பெற்ற இரண்டு ஆய்வேடுகளைத் துறை நூலகத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. ஆய்வேடு என்பது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்திராத மாணவருக்கு எவ்வளவு விளக்கினாலும் அது மனத்தில் உருவம் கொள்வதில்லை.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பில் தலைப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல் மாணவரைப் பற்றிக் கேளுங்கள். திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ மின்சார ரயிலில் வந்து போகிறவரா, இரண்டாம் ஷிப்டில் படித்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறவரா, வீட்டில் முதல் பட்டதாரியா, வீட்டில் மடிக்கணினி இருக்கிறதா அல்லது எல்லாவற்றையும் கைபேசியிலேயே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதா என்பவை தெரியாமல் நீங்கள் போடும் எந்தக் கால அட்டவணையும் நிலைக்காது. பட்டத்துக்குப் பின் மேற்படிப்புக்குப் போக நினைக்கிறாரா, வேலைக்குப் போக நினைக்கிறாரா என்பதையும் கேட்டறியுங்கள். இரண்டுக்கும் ஆய்வேடு பயன்படும், ஆனால் பயன்படும் விதம் வேறு.

அதே சந்திப்பில் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி, ஒரு இடம் என்று சந்திப்பை நிலையாக வைப்பது ஒன்று. நேரம் கிடைக்கும்போது வாருங்கள் என்று சொன்னால், கூச்சமுள்ள மாணவர் வரவே மாட்டார். துணிச்சலுள்ளவர் நாள்தோறும் வருவார். மற்றொன்று, ஒவ்வொரு சந்திப்புக்கும் கையில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது. படித்த கட்டுரையின் சுருக்கமாக இருக்கலாம், களத்தில் பார்த்ததன் குறிப்பாக இருக்கலாம், இந்த வாரம் ஏன் ஒன்றும் நகரவில்லை என்ற விளக்கமாகக்கூட இருக்கலாம். எழுத்தில் இருந்தால்தான் எங்கே சிக்கல் என்று உங்களுக்குப் புலப்படும். வாயால் கேட்டால், போய்க்கொண்டிருக்கிறது சார், முடித்துவிடுகிறேன் மேடம் என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

இந்தப் படிக்குத்தான் நீங்கள் மிகுதியான நேரம் செலவிட வேண்டும். மாணவர்கள் முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் தலைப்பாக இருக்கும், கேள்வியாக இருக்காது. ‘சென்னை மாநகரைச் சிறப்பாகக் கொண்டு ஒரு ஆய்வு’ என்ற வால் ஒட்டிய தலைப்புகளை வணிகவியல், மேலாண்மைத் துறைகளின் அலமாரிகளில் வரிசையாகக் காணலாம். வாடிக்கையாளர் மனநிறைவு, ஊழியர் மனநிறைவு, நுகர்வோர் விழிப்புணர்வு என்று பொருள் மாறுமே தவிர, கேள்வித்தாள், அட்டவணை, முடிவுரை எல்லாம் முந்தைய ஆண்டின் அச்சிலேயே வார்த்தவையாக இருக்கும். அந்த மாணவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது எப்படி என்று அவர்களுக்கு எவரும் செய்து காட்டவில்லை.

எப்படிச் செய்து காட்டுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவர் வந்து, சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி ஆராய வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மிகப் பெரிய தலைப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது தங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருந்ததாக அவர் சொல்லக்கூடும். அப்போது அவருடைய அக்கறை ஏரிகளில் இல்லை, தன் தெருவில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, அந்தத் தெருவில் நிலத்தடி நீரைப் பெருக்க என்ன ஏற்பாடு இருந்தது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று கட்டிய அமைப்புகள் இன்றும் வேலை செய்கின்றனவா? யார் அவற்றைத் தூர்வாருகிறார்கள்? அந்தச் செலவை வீட்டு உரிமையாளர் ஏற்கிறாரா, குடியிருப்போர் சங்கம் ஏற்கிறதா?

இப்போது கேள்வி உருப்பெற்றுவிட்டது: வேளச்சேரியில் இன்ன தெருவிலுள்ள அடுக்ககங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றைப் பராமரிப்பதும் கைவிடுவதும் எதைப் பொறுத்து அமைகின்றன? இதற்குக் களம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது, வடிகட்டும் தொட்டியில் கூழாங்கல்லும் மணலும் இருக்கின்றனவா, உறைகிணறு மூடப்பட்டுவிட்டதா, குழாய் நேராகத் தெருவின் மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு பட்டியல் போதும். சங்கச் செயலாளரிடமும் காவலாளியிடமும் பிளம்பரிடமும் பேசலாம். முடிவு எப்படி வந்தாலும் அது ஒரு விடையாக இருக்கும். எல்லாம் சரியாக இயங்குகின்றன என்று தெரிந்தாலும், எல்லாம் பாழாகிக் கிடக்கின்றன என்று தெரிந்தாலும் எழுதுவதற்குச் சான்று இருக்கும். எந்த விடை கிடைத்தாலும் ஆய்வேடு நிற்குமா என்பதுதான் ஒரு கேள்வி உருப்பெற்றுவிட்டதற்கு நான் வைக்கும் சோதனை. குறிப்பிட்ட ஒரு விடை கிடைத்தால்தான் நிற்கும் என்றால், அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த உரையாடலில் நெறியாளர் கேள்விகளைக் கேட்டாரே ஒழிய, தலைப்பைத் தரவில்லை. தன் முனைவர் பட்ட ஆய்வின் மிச்சமீதிகளை மாணவருக்குத் தலைப்பாகப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆய்வகம் சார்ந்த துறைகளில் கருவியும் வேதிப்பொருளும் நெறியாளரின் திட்டத்திலிருந்தே வர வேண்டியிருப்பதால், அங்கே அது ஓரளவுக்குத் தவிர்க்க முடியாதது. அங்கும், உங்கள் பெரிய கேள்விக்குள் மாணவர் தனக்கென்று சொல்லிக்கொள்ளத்தக்க ஒரு சிறு கேள்வியை ஒதுக்கிக் கொடுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்த்தரம் உங்கள் ஆய்வு என்றால், ஒரே ஓடைவாயில் மழைக்கு முன்னும் பின்னும் நீரின் உப்புத்தன்மை மாறும் விதம் அவருடையதாக இருக்கட்டும். தமிழ்த்துறையிலோ, சங்க இலக்கியத்தில் பெண்கள் என்று வருபவரிடம், குறுந்தொகையில் தோழி பேசும் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் தலைவனின் வாக்கை அவள் நம்ப மறுக்கும் இடங்களைத் தொகுத்துவரச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அவருக்கே கேள்வி பிறந்துவிடும்.

படிப்பதற்கு எங்கே அனுப்புவது

முன்னாய்வுகளைப் பற்றிய அத்தியாயத்துக்காக இருபது முப்பது கட்டுரைகளின் முன்சுருக்கங்களை வரிசையாக அடுக்கித் தருவது மாணவர்களின் வழக்கம். அதற்கு மாறாக, தன் கேள்விக்கு மிக நெருக்கமான ஐந்தாறு கட்டுரைகளை முழுமையாகப் படித்து, ஒவ்வொன்றும் எதைக் கண்டது, எதை விட்டது என்று எழுதச் சொல்லுங்கள். முதல் கட்டுரையை நீங்களே தேர்ந்து கையில் கொடுங்கள். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் இளநிலை பயின்றுகொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தம் நூலைப் படித்துத் தேர்ந்திருந்த அந்த மாணவரிடம், அதிலுள்ள குவாண்டம் கொள்கை இப்போது மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்டு, உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதைக் கற்று மாணவர் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. எல்லா மாணவரும் சந்திரசேகராக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாடநூலுக்கு வெளியே துறை எங்கே வந்து நிற்கிறது என்று காட்டும் ஒரு கட்டுரையைச் சரியான வேளையில் கொடுப்பது, மாணவர் தானாகச் செய்துகொள்ள முடியாத உதவி.

சென்னையில் படிக்கிற மாணவருக்கு நூலகங்களில் குறையே இல்லை. ஆனால் அவர்களில் பலர் அவற்றின் படியேறியதில்லை. ஆகவே பெயரைச் சொல்லி அனுப்புங்கள். 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம் இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்து படிக்க இடமுண்டு. பழைய தமிழ் இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள் வேண்டுவோர் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம்; கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பிலிருந்து எழுந்தது அது. சுவடிகளுக்கும் பழம்பதிப்புகளுக்கும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. பொருளாதாரம், சமூகவியல் மாணவர்களுக்கு அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் உதவும். பிரிட்டிஷ் கால அரசாணைகளும் வருவாய்த்துறை ஆவணங்களும் வேண்டுமென்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்பதால், கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தை ஆய்வின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்தே தேடுவோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்காவும் உண்டு. ஷோத்கங்காவைத் துணைநூற்பட்டியலைப் பார்த்து மேலும் தேடுவதற்கான வழியாக மட்டுமே பயன்படுத்தும்படி சொல்லுங்கள்.

படித்தவற்றை முதல் நாளிலிருந்தே ஸோடெரோ போன்ற இலவச மென்பொருளில் பதிந்து வைக்கப் பழக்குவது, கடைசி வாரத்தில் பக்க எண்ணுக்காக நூலகம் நூலகமாக ஓடுவதைத் தவிர்க்கும்.

மழையைக் கணக்கில் வைத்த கால அட்டவணை

கால அட்டவணையைச் சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பைண்டிங்குக்கும் கையொப்பங்களுக்கும் ஒரு வாரம், ஒப்புமைச் சோதனைக்கும் திருத்தத்துக்கும் இரண்டு வாரம், முழு வரைவை நீங்கள் படிக்க இரண்டு வாரம் என்று ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் மாணவருக்கு உண்மையில் கிடைக்கும் காலம். அது அவர் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருக்கும். அதை முதல் மாதத்திலேயே அவர் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சென்னையில் களப்பணிக்கு வடகிழக்குப் பருவமழையே பெரிய வரையறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த வாரம் கல்லூரிக்கு விடுமுறை விடுவார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரமே பல நாள் முடங்கியது. ஓராண்டு ஆய்வாக இருந்தால் நேர்காணல்களை ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிட்டு, மழைக்காலத்தைப் பதிவுகளை எழுத்தாக்குவதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறுதிப் பருவத்தில் மட்டும் செய்யும் ஆய்வென்றால், பொங்கல் விடுமுறைக்கு முன்பே கேள்வி முடிவாகியிருக்க வேண்டும்; பொங்கலுக்கு ஊருக்குப் போகும் மாணவர் தலைப்பு முடிவாகாமல் போனால், திரும்பி வரும்போது பிப்ரவரி நெருங்கிவிடும். மழைநீர் சேகரிப்பு போன்ற பொருளென்றால் கணக்கு நேர்மாறாகும்: மழை பெய்யும்போது குழாயில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அங்கே சான்று.

களமும் தரவும்

மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வென்றால், ஒப்புதல் பெறுவதை முதல் வேலையாக வையுங்கள். ஆய்வு எதைப் பற்றியது, பதில் சொல்ல மறுக்கலாம், இடையில் நிறுத்திக்கொள்ளலாம், பெயர் வெளிவராது, ஒலிப்பதிவு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்பவற்றை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படிக்க இயலாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் பேசப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பள்ளிக்குள் ஆய்வு செய்யக் கல்வித்துறையின் அனுமதியும், மருத்துவமனை நோயாளிகளிடம் பேச அந்நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால், ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய ஆய்வுக்கு அத்தகைய களங்களை நான் பரிந்துரைப்பதில்லை.

தூய்மைப் பணியாளர், வீட்டுவேலை செய்வோர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வாழ்வோர் ஆகியோரிடம் செல்லும் மாணவரிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே வாழ்வோரிடம் கணக்கெடுக்கவும் கேள்வி கேட்கவும் பலர் வந்து போகிறார்கள்; வந்தவர் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொல்வது அரிது. அவர்களுடைய வேலை நேரத்தைப் பறிக்காமல் பேசுவது, வாக்குறுதி எதுவும் தராமலிருப்பது, அவர்களை ‘அய்யா’, ‘அம்மா’, ‘அக்கா’ என்று அவர்கள் ஏற்கும் மரியாதையோடு அழைப்பது ஆகியவற்றை மாணவர் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தால் முதல் நேர்காணலுக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். கேள்வியை மாணவரே கேட்கட்டும்.

கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து நூறு பதில் சேர்ப்பது இன்று மிகப் பரவலான முறை. அதில் தவறொன்றுமில்லை, ஆனால் அந்த நூறு பேர் யார் என்று மாணவர் நேர்மையாக எழுத வேண்டும். பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் அதே கல்லூரியில் படிக்கும் அதே வயதினராக இருக்கும்போது, அவர்களைச் ‘சென்னை மக்கள்’ என்று முடிவுரையில் எழுதுவது பொய்யாகிவிடும். ‘இக்கல்லூரியின் மாணவர் நூறு பேர்’ என்று எழுதினால் அது சிறிய, ஆனால் உண்மையான முடிவு. கேள்வித்தாளை முதலில் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்து, எந்தக் கேள்வியை எல்லோரும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டறிந்து திருத்திய பிறகே பகிரச் சொல்லுங்கள்.

அரசுத் தரவுகளைப் பயன்படுத்துவோர் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று சென்னைக்கே உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 46.5 லட்சம், அது 155 வார்டுகளும் சுமார் 174 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டிருந்த பழைய மாநகராட்சியின் எண். அதே 2011-இன் பிற்பகுதியில் மாநகராட்சி 200 வார்டுகளாகவும் 426 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுக்கும் மாணவருக்கு, சதுர கிலோமீட்டருக்கு இருபத்தாறாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய நெருக்கம் பதினோராயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். பழைய வார்டு எண்ணையும் புதிய வார்டு எண்ணையும் ஒன்றாக எண்ணி ஒப்பிடுவதும் இதே வகைத் தவறுதான். எந்த எண்ணைப் பார்த்தாலும், இது எந்த எல்லைக்கு உரியது, எந்த ஆண்டுக்கு உரியது என்று கேட்கும் பழக்கத்தை ஊட்டிவிட்டால், புள்ளியியல் மென்பொருளைக் கற்பிப்பதைவிட அது மாணவருக்கு நீண்டகாலம் உதவும்.

எழுத வைப்பது

தரவு சேர்ந்த பிறகு எழுதலாம் என்று மாணவர் ஒத்திப்போடுவார். வாராவாரம் ஒரு பக்கம் என்ற ஏற்பாடு அப்போது கைகொடுக்கும். அந்தப் பக்கங்களில் பாதியேனும் ஆய்வேட்டுக்குள் போய்விடும். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வு முறையைப் பற்றிய அத்தியாயம், செய்ததைச் செய்தபடி சொல்வது என்பதால், தொடங்குவதற்கு அதுவே எளிது.

பலர் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். கருத்து தெளிவாக இல்லையா, ஆங்கிலம் தடுமாறுகிறதா என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி, அந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தமிழில் கேட்பது. தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால், அந்தச் சொற்களையே குறித்துக்கொண்டு மொழியை மட்டும் திருத்தலாம். தமிழிலும் தடுமாறினால், மீண்டும் தரவுக்குப் போக வேண்டும். பாடத்திட்டம் அனுமதிக்குமானால் தமிழிலேயே ஆய்வேடு எழுதத் தயங்குபவருக்குத் துணிவு கொடுங்கள். தமிழில் எழுதுவோர் தொடக்கத்திலிருந்தே யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டிடிபி மையத்தில் அடித்து வாங்கிய கோப்பில் சொல் தேடவும் முடியாது, ஒப்புமைச் சோதனையும் பொருள்படாது.

வரைவைப் படிக்கும்போது எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையில் சுற்றாதீர்கள். முதல் வாசிப்பில் கேள்விக்கும் சான்றுக்கும் உள்ள தொடர்பை மட்டும் பாருங்கள், இரண்டாம் வாசிப்பில் பத்திகளின் வரிசை, எழுத்துப்பிழை கடைசியில். ஒரு பத்தியை நீங்கள் திருத்தி எழுதிக் காட்டலாம். இரண்டாவதை அவரே செய்யட்டும். நீங்களே எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் ஆய்வேடு அழகாக இருக்கும், ஆனால் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அதை அவரால் விளக்க முடியாது. வாங்கிய வரைவை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுப்பது நெறியாளரின் கடமை. உங்கள் மேசையில் ஒரு மாதம் கிடந்த வரைவுக்கு மாணவரிடம் தாமதக் காரணம் கேட்க முடியாது.

திருட்டும் விலைக்கு வாங்கிய ஆய்வும்

நகரின் பல பகுதிகளில் புராஜெக்ட் செய்து தரும் மையங்கள் வெளிப்படையாகவே விளம்பரம் செய்கின்றன. பைண்டிங் வரை முடித்துக் கொடுக்கும் அவற்றிடம் மாணவர் போவது, பெரும்பாலும் கடைசி மாதத்தின் அச்சத்தால்தான். வாரச் சந்திப்பு நடந்துகொண்டிருந்தால் அந்த அச்சத்துக்கு இடம் குறைவு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே அணுகுமுறையைக் கையாளலாம். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று முதல் சந்திப்பிலேயே எழுத்தில் முடிவு செய்து, பயன்படுத்தியதை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் குறிப்பிட வைக்கலாம். இல்லாத கட்டுரையை இருப்பதாகக் காட்டும் குணம் அக்கருவிகளுக்கு உண்டு. ஆகவே துணைநூற்பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் மாணவர் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று விதியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 10 முதல் 40 வரை திருத்திக் கொடுக்கச் சொல்கின்றன. 60-ஐத் தாண்டினால் பதிவையே ரத்து செய்யச் சொல்கின்றன. அவை முதுநிலை, ஆய்வுப் பட்ட ஆய்வேடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இளநிலைக்கு உங்கள் கல்லூரி வகுத்திருக்கும் வரம்பே செல்லும். விழுக்காட்டைக் குறைப்பதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றுச்சொல் போடும் மாணவரை அங்கேயே நிறுத்தி, மூலத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததைத் தன் சொற்களில் உங்களிடம் சொல்லச் செய்யுங்கள். சொன்னதை எழுதிக்கொண்டால் போதும்.

காணாமல் போகும் மாணவர்

இரண்டு சந்திப்புக்குத் தொடர்ந்து வராதவரைத் தேடிப் போங்கள். குற்றம் சாட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் அவர் மேலும் ஒளிந்துகொள்வார். எழுதவில்லை என்றாலும் வாருங்கள், இருக்கிற இடத்திலிருந்து பார்க்கலாம் என்ற ஒரு வரி போதும். வீட்டில் நோயோ கடன் நெருக்கடியோ இருக்கலாம். அவை நீங்கள் தீர்க்கக்கூடியவை அல்ல, ஆனால் கேள்வியை மேலும் சுருக்க முடியும். ஆறு அடுக்ககங்களை ஆராய்வதாக இருந்தது இரண்டாகலாம். குறைந்த களத்தில் நேர்மையாகச் செய்த ஆய்வை ஏற்றுக்கொள்ளும்படி துறைத் தலைவரிடம் மாணவருக்காகப் பேசுவதும் உங்கள் வேலைதான்.

வைவாவும் அதற்குப் பின்னும்

வைவாவுக்கு முன் ஒரு முறை, மற்ற மாணவர்கள் எதிரே உட்கார, பத்து நிமிடம் பேச வைத்து ஒத்திகை பாருங்கள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்தக் களம், இந்த முடிவு தவறாக இருக்க வாய்ப்புண்டா என்ற மூன்றையும் யாராவது கேட்டே தீர வேண்டும். தெரியாத கேள்விக்கு, அதை இந்த ஆய்வில் பார்க்கவில்லை என்று நேராகச் சொல்லலாம் என்று மாணவருக்குத் தெரிந்திருந்தால் பாதி நடுக்கம் போய்விடும். புறத்தேர்வாளர் கடுமையாகக் கேட்கும்போது இடையில் புகுந்து நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

சமர்ப்பித்த பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. ஒப்புதல் படிவத்தில் அழிப்பதாகச் சொன்ன ஒலிப்பதிவுகளை மாணவர் அழித்துவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஆய்வேட்டின் மின்பிரதியைத் துறையில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட அது வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பின்னாளில் பயன்படும்படி, இவர் எந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார் என்று நினைவு பசுமையாக இருக்கும்போதே அரைப்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் பேசியவர்களிடம் கண்டறிந்ததைச் சொல்லிவிட்டு வரவும் மாணவரை அனுப்புங்கள்: எந்தக் குழாய் வடிகாலில் இணைந்திருக்கிறது, எந்த உறைகிணற்றைத் தூர்வாரினால் போதும் என்ற இரண்டு பக்கக் குறிப்பு, அடுத்த மழைக்கு முன் அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.